போல்ட்டைப் பிரிப்பதும் மாற்றுவதும்: கேள்வி பதில்

போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைபிள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னால் பூட்டும், கைப்பிடி வைத்த உருளைதான் போல்ட். சேம்பரும் (சுடும்போது தோட்டா நிற்கும் அறை) மேகசினும் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) காலி என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் உறுதி செய்த பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். இதை ஒவ்வொரு பதிலிலும் திரும்ப எழுத மாட்டேன்.

அண்ணே, என்னிடம் ரெமிங்டன் 700 இருக்கிறது. வாங்கியதிலிருந்து போல்ட்டைப் பிரித்ததே இல்லை. பிரித்தே ஆக வேண்டுமா?

ஆமாம் தம்பி. பழைய எண்ணெய், கரி, பித்தளைத் துகள் எல்லாம் உள்ளே சேர்ந்து களிம்பாகிவிடும். குளிரில் அது இறுகினால் ஃபயரிங் பின் என்ற உள் ஊசி மெதுவாகப் போய், தோட்டாவின் அடியில் தீ மூட்டும் ப்ரைமரை லேசாகத்தான் தட்டும், தோட்டா வெடிக்காது. போல்ட்டை வெளியே எடுத்து, பின்பக்கம் இருக்கும் காக்கிங் பீஸை (ஃபயரிங் பின்னின் வால்பக்கத் துண்டு) பின்னால் இழுத்தால் அதில் ஒரு வெட்டு தெரியும், அந்த இடுக்கில் ஒரு நாணயத்தைச் செருகிவிட்டு போல்ட்டின் பின்மூடியை இடப்பக்கமாகச் சுற்றினால் ஃபயரிங் பின்னும் ஸ்பிரிங்கும் ஒன்றாக வெளியே வந்துவிடும். கையால் இழுக்க முடியாதவர்கள் ஷூ லேஸ் மாட்டி இழுப்பார்கள், தப்பில்லை. அதற்கு மேல் காக்கிங் பீஸின் குறுக்கு முள்ளைத் தட்டி எடுத்து ஸ்பிரிங்கைத் தனியாக்கப் பார்க்காதே. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் முகத்தில் அடிக்கும். சால்வென்ட் அடித்து, துடைத்து, காயவைத்தாலே போதும்.

தாத்தா காலத்து மௌசர் 98. கையில் எந்தக் கருவியும் இல்லை சார்.

தேவையே இல்லை. போர்க்களத்தில் சிப்பாய் பிரிக்க வேண்டும் என்று வடிவமைத்து, 1898-இல் படையில் சேர்த்தது அது. காக் செய்த நிலையில், அதாவது ஸ்பிரிங் அழுந்திச் சுடத் தயாராக இருக்கும்போது, சேஃப்டியை (பாதுகாப்புப் பூட்டு) நேராக மேலே நிறுத்தி போல்ட்டை எடுங்கள், பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்திக்கொண்டே பின்மூடியைச் சுற்றிக் கழற்றுங்கள். ஸ்பிரிங்கையும் பிரிக்க வேண்டுமானால் பின்னின் முனையை ஒரு மரக்கட்டையில் ஊன்றி, மூடியைக் கீழே அழுத்திப் பிடித்தபடி காக்கிங் பீஸைக் கால் சுற்று திருப்பினால் கழன்று வரும். அழுத்தும் கையை மட்டும் சட்டென்று விட்டுவிடாதீர்கள். பிற்காலத்தில் சேஃப்டியை மாற்றிய வேட்டை ரைபிள் என்றால் இந்த முறை அப்படியே பொருந்தாது.

சுத்தம் செய்து பூட்டினேன், இப்போது போல்ட் ரைபிளுக்குள் போகவே மாட்டேன் என்கிறது!

பயப்பட வேண்டாம், முதல் தடவை பிரிக்கும் பலருக்கும் இது நடக்கும். காக்கிங் பீஸ் அதன் ஆழமான பள்ளத்துக்குள் விழுந்திருக்கும், அதாவது போல்ட் காக் ஆகாமல் இருக்கிறது. காக்கிங் பீஸை மேசை விளிம்பில் மாட்டி, போல்ட்டை இழுத்துத் திருப்பி, பின்னால் இருக்கும் சின்னக் குழியில் உட்கார வையுங்கள். சுத்தியலை எடுக்காதீர்கள்.

டிக்கா டி3 ரைபிளில் போல்ட்டின் பிளாஸ்டிக் பின்மூடியை அலுமினியமாக மாற்றி, கைப்பிடிக்குப் பெரிய குமிழும் போடலாமா?

போடலாம். டிக்காவில் கருவி இல்லாமலே பின்மூடி கழன்றுவிடும், உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் கைப்பிடியும் தானே உருவிக்கொள்ளும். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, அலுமினியம் அழகுக்காக. குமிழ் விஷயம் வேறு, கையுறையோடு சுடுபவருக்கு நிஜமாகவே உதவும், புதரில் மாட்டும் என்பதுதான் குறை. ரெமிங்டன் 700-இல் கைப்பிடி போல்ட்டோடு பற்றவைத்தது, அதில் குமிழ் மாற்றுவது லேத் உள்ளவர் வேலை.

எடை குறைந்த டைட்டானியம் ஃபயரிங் பின், கடினமான ஸ்பிரிங் போட்டால் குறி கூடுமா?

விசையை அழுத்தியதற்கும் ஃபயரிங் பின் ப்ரைமரைத் தட்டுவதற்கும் நடுவே ஆவது ஏற்கெனவே சில மில்லி விநாடிதான். அதைக் குறைப்பது இலக்குப் போட்டிக்காரருக்குப் பயன்படலாம், காட்டில் நின்று சுடுபவருக்கு வித்தியாசமே தெரியாது. மாறாக, போல்ட்டைத் தூக்கும்போதே ஸ்பிரிங் அழுந்தும் வகை ரைபிளில் கடினமான ஸ்பிரிங் போட்டால் கைப்பிடி கனத்துவிடும். ப்ரைமரில் பள்ளம் லேசாக விழுகிறது என்றால் முதலில் சுத்தம், அப்புறம் அதே அளவில் புது ஸ்பிரிங். எந்த ஃபயரிங் பின்னை மாற்றினாலும் அதன் முனை போல்ட் முகத்திலிருந்து எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 1.5 மி.மீ. அளவில் இருக்கும். அதிகமானால் ப்ரைமர் ஓட்டையாகி வாயு பின்னால் வரும்.

அதே மாடலின் பழைய போல்ட் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கி மாட்டிக்கொள்ளலாமா?

மாட்டிப் பார்த்தால் சரியாகத்தான் போகும், ஆபத்தே அதில்தான். போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். அது கூடினால் சுடும்போது தோட்டாவின் உறை நீண்டு கிழியலாம். லீ என்ஃபீல்டு நம்பர் 4-க்கு 0 முதல் 3 வரை எண் போட்ட போல்ட் தலைகள் செய்ததே இதைச் சரிக்கட்டத்தான். கோ, நோ-கோ கேஜ் (இந்த இடைவெளியைச் சோதிக்கும் அளவுக் கட்டைகள்) வைத்துப் பார்க்கும் கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர், ஒப்புக்கொண்ட பிறகே சுட வேண்டும். சட்டத்தையும் பாருங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் போல்ட் தனியாகவே துப்பாக்கியின் முக்கியப் பாகமாகக் கணக்கில் வரும்.

போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் புடைப்புகளான லக்குகளைத் தேய்ப்புப் பசை போட்டு வழவழப்பாக்கினால்?

வீட்டில் வேண்டவே வேண்டாம். தேய்த்த அளவுக்கு ஹெட்ஸ்பேஸ் கூடும், பழைய மௌசரில் கடினமாக்கிய மேல்தோலே மெல்லியது, அது போனால் அடியில் இருப்பது மென்மையான இரும்பு.

கடைசியாக, எண்ணெய் எங்கே போடுவது?

லக்குகளின் பின்பக்கத்திலும், காக்கிங் பீஸ் ஏறி இறங்கும் சரிவிலும் குண்டூசித் தலை அளவு கிரீஸ். உள்ளே ஃபயரிங் பின்னுக்கும் ஸ்பிரிங்குக்கும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.