பயிற்சியாளர் இருக்கிறார் என்ற நிம்மதி

தம்பி, உங்கள் மகனுக்குப் பென்சில்வேனியாவில் கல்லூரி கிடைத்ததோடு நீச்சல் அணியிலும் இடம் கிடைத்ததற்கு வாழ்த்துகள். “ஃபிரட்டர்னிட்டி (ஒரே வீட்டில் கூடித் தங்கும் ஆண் மாணவர் சங்கம்) பக்கமே போக மாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டேன், அணியில் பயிற்சியாளர் இருக்கிறார், ராகிங் பயம் இல்லைதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊர் ராகிங்கில் பையன் விடுதிக்குள் கால் வைத்ததே குற்றம், சீனியர்கள் பிடித்துக்கொள்வார்கள். இங்கே ஹேஸிங் என்று சொல்வது வேறு. பையன் ஆசைப்பட்டுச் சேர்கிற கூட்டம் அவனுக்கு வைக்கிற நுழைவுச் சடங்கு அது. “நான்தானே சம்மதித்தேன்” என்று நினைப்பதால் வீட்டில் மூச்சுவிட மாட்டான்.

என் மூத்தவன் கல்லூரியில் படகு அணியில் இருந்தான். முதல் ஆண்டில் ஒரு சனிக்கிழமை இரவு, சீனியர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் நிலவறையில், புதியவர்கள் எட்டுப் பேரின் கண்ணைக் கட்டி உட்காரவைத்து வோட்கா பாட்டிலைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். அணித்தலைவனுக்கு இரண்டு போட்டிகள் தடை என்று அப்போது கேள்விப்பட்டோம், காரணம் தெரியாது. மூன்று ஆண்டுகள் கழித்து, தங்கையிடம் அவன் சிரித்துக்கொண்டே சொன்னபோதுதான் எங்கள் காதில் விழுந்தது. அதே ஆண்டு, அதே கல்லூரியில், ஏறக்குறைய அதே காரியத்தைச் செய்த ஒரு ஃபிரட்டர்னிட்டிக்கு நான்கு ஆண்டுகள் அங்கீகாரம் ரத்து. வீட்டு முகப்பில் சங்கத்தின் பெயராக இருந்த கிரேக்க எழுத்துகளைக்கூடக் கழற்றிவிட்டார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

மெய்ன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஆலனும் மேரி மேடனும் 53 கல்லூரிகளில் 11,482 மாணவர்களிடம் கேட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஹேஸிங்கை அனுபவித்தவர்கள் பல்கலைக்கழக அணிகளில் 74 சதவீதம், ஃபிரட்டர்னிட்டிகளிலும், மாணவிகளுக்கான அதேபோன்ற சங்கங்களான சொரோரிட்டிகளிலும் 73 சதவீதம். வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி.

ஃபிரட்டர்னிட்டிகள் மீதான கடுமையை நான் குறை சொல்ல மாட்டேன். 2017 பிப்ரவரியில் உங்கள் மாநிலத்திலேயே, பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்து ஃபிரட்டர்னிட்டி ஒன்றில், டிமோதி பியாசா என்ற மாணவன் சேர்க்கைச் சடங்கில் அளவுமீறிக் குடிக்கவைக்கப்பட்டு, படிக்கட்டில் விழுந்து கிடந்தான். ஆம்புலன்ஸை அழைக்க ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆனது, பிள்ளை பிழைக்கவில்லை. அந்தக் கிளையைப் பல்கலைக்கழகம் நிரந்தரமாகத் தடைசெய்தது. மறு ஆண்டு அவன் பெயரிலேயே மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது.

அந்தக் கை அணிகள் பக்கம் ஏன் நீள்வதில்லை என்பதுதான் என் கேள்வி. ஃபிரட்டர்னிட்டி ஒரு குடித்தனக்காரர் மாதிரி. அதற்குத் தனியாகத் தேசியத் தலைமையகம் உண்டு, வீடு பெரும்பாலும் பல்கலைக்கழகத்துடையது அல்ல. உறவை அறுப்பது சுலபம். அணியோ பல்கலைக்கழகத்தின் பெயரையே மார்பில் போட்டுக்கொண்டு ஆடுகிறது. ஒரு பருவத்தை நிறுத்தினால் பெரிய விளையாட்டுகளில் தொலைக்காட்சிப் பணம், நன்கொடையாளர் என்று எல்லாம் ஆடிப்போகும். 2000 ஜனவரியில் வெர்மான்ட் பல்கலைக்கழகம் ஹாக்கிப் பருவத்தைப் பாதியில் ரத்துசெய்தது, அது அபூர்வம்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கதையைக் கேளுங்கள். 2023 ஜூலையில், அமெரிக்கக் கால்பந்து அணியில் ஹேஸிங் நடந்தது விசாரணையில் உறுதியானதும், தலைமைப் பயிற்சியாளருக்கு இரண்டு வாரச் சம்பளமில்லா இடைநீக்கம். மாணவர் பத்திரிகை விவரங்களை வெளியிட்டதும் இரண்டே நாளில் வேலையே போனது. அணி அந்த ஆண்டும் ஆடி, பருவ இறுதியில் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் பௌல் ஆட்டத்திலும் வென்றது. பயிற்சியாளர் வழக்குத் தொடுத்து, 2025இல் சமரசமானபோது, எந்த வீரரும் அவரிடம் ஹேஸிங் பற்றிப் புகார் சொன்னதாகச் சான்று இல்லை என்று பல்கலைக்கழகமே அறிவித்தது. யாருமே போய்ச் சொல்லாத இடத்தில் “பயிற்சியாளர் இருக்கிறார்” என்பதற்கு என்ன பொருள், தம்பி?

உங்களுக்கு இப்போது ஒரு வசதி இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த மத்தியச் சட்டம் ஃபிரட்டர்னிட்டியோடு பல்கலைக்கழக அணி, கிளப் அணி, இசைக்குழு எல்லாவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பையன் சம்மதித்தான் என்பது கணக்கில் வராது. அந்தச் சட்டப்படி கல்லூரிகள் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும்; கல்லூரியின் பெயரோடு ‘கேம்பஸ் ஹேஸிங் டிரான்ஸ்பரன்ஸி ரிப்போர்ட்’ என்று தேடிப் பாருங்கள். நீச்சல் அணியின் பெயர் அதில் இல்லையே என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். விசாரித்து உறுதியானவை மட்டுமே அதில் வரும்.

சத்தியம் வாங்குவதென்றால் வேறு சத்தியம் வாங்குங்கள்: யாராவது மயங்கி விழுந்தால், “தூங்கினால் சரியாகிவிடும்” என்று எவன் சொன்னாலும் கேட்காமல் உடனே அவசர உதவி எண் 911ஐ அழைத்து, ஆள் வரும்வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். உதவிக்கு அழைப்பவரைப் பாதுகாக்கும் பிரிவு பென்சில்வேனியாச் சட்டத்திலேயே இருக்கிறது.

இரண்டாம் ஆண்டைப் பற்றியும் அவனிடம் இப்போதே பேசிவிடுங்கள். நீங்கள் இன்னும் விசாவில் இருக்கிறீர்கள். பையன் மீது ஒரு குற்ற வழக்கு வந்தால் அதன் சிக்கல் கல்லூரியோடு நிற்காது. என் மூத்தவன் தங்கையிடம் சொன்ன கதைக்கு ஒரு பிற்பகுதியும் உண்டு. அடுத்த ஆண்டு அதே நிலவறையில், புதிதாக வந்த பிள்ளைகளின் கண்ணைக் கட்டியது அவன்தானாம்.