பாட்டி சொன்னது பாதி சரி

கேள்வி: “காடு இருந்த காலத்துல ஆனி, ஆடியில வெயிலையே பார்க்க முடியாது. காட்டை வெட்டினாங்க, மழையும் போச்சு” என்பார் எங்கள் பாட்டி. வெள்ளைக்காரர் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் காட்டை அழித்துக் காலநிலையை மாற்றினார்கள் என்றும் வாசித்தேன். கையில் நல்ல கோடரிகூட இல்லாதவர்களால் முடியுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: கோடரி எதற்கு? நெருப்பு போதுமே.

நம்ம மலைநாட்டு உச்சியில் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்புச் சேற்றைத் துளைத்து எடுத்து, அடுக்கடுக்காக மகரந்தத்தையும் கரித்துகளையும் பார்த்திருக்கிறார்கள். 17,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் தீ வைத்து மேய்ச்சல் நிலம் உண்டாக்கினர் என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. அது பனியுகம் முடிந்துகொண்டிருந்த காலம், பருவமழையே மெலிந்திருந்தது. புல் பரவியதற்குத் தீயா, வறட்சியா காரணம் என்பதைச் சேற்றிலிருந்து பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை.

மாயா மக்களின் கதை இதைவிடத் தெளிவு. மத்திய அமெரிக்காவில் சோளத்துக்காகவும், சுண்ணாம்பு சுடும் விறகுக்காகவும் காட்டை அழித்தார்கள். மரம் வேரால் உறிஞ்சும் நீரை இலை வழியே ஆவியாக விடும். அது போனால் காற்றில் ஈரம் குறையும். கறுத்த காடு வெயிலை வாங்கிக்கொள்ளும், வெளிறிய வயலோ அதில் கூடுதலான பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அங்கே வந்த வறட்சியில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. அமெரிக்கக் காலநிலை ஆய்வாளர் வில்லியம் ருடிமன் 2003இல் இன்னும் ஒரு படி மேலே போனார்: 8,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காடழிப்பால் கரியமில வாயுவும், 5,000 ஆண்டுகளுக்கு முன் பரவிய நெல் வயல்களால் மீதேனும் கூடின என்றார். நம்ம சோறும் கூண்டில் ஏறிவிட்டது! சண்டை இன்னும் ஓயவில்லை.

சரி, உங்கள் பாட்டிக்கு வருவோம். தலவாக்கலைக்கு ஆனி, ஆடி மழை கடலிலிருந்து வருகிறது. தென்மேற்குக் காற்று மலையில் மோதி மேலேறுகிற வரை, காடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பகுதி கொட்டத்தான் செய்யும். நாம் இழந்தது வேறு. ஒரு தடவை மாணவர்களை ஹோர்ட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போனேன். விடியற்காலை, நல்ல மூடுபனி. பாசி தொங்கும் மரத்தடியில் சொட்டுச் சொட்டாக விழ, ஒரு பையன் குடையை விரித்துவிட்டான். இரண்டு எட்டு தள்ளிப் புல்லில் நின்ற எங்கள் மேல் ஒரு துளி இல்லை. பனியை இலை வடித்துத் தருகிற அந்தத் தண்ணீர்தான் மழை இல்லாத மாதங்களில் ஊற்றைக் காப்பாற்றுகிறது.

கோப்பிக்காக மலை மொட்டையானபோது இந்தப் பயம் ஆங்கிலேய ஆட்சியாளர்களுக்கும் வந்தது. 1873இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் யோசனைப்படி, 5,000 அடிக்கு மேல் உள்ள காடுகளை வெட்டவிடாமல் நிறுத்தினார்கள். மிஞ்சியிருக்கும் உச்சிக் காடுகளில் பல அதனால் பிழைத்தவைதான்.

அதனால் பாட்டியிடம் மழையைப் பற்றிக் கேட்காதீர்கள், ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலியைப் பற்றிக் கேளுங்கள். மாசி, பங்குனியில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு ஆகிறது? எங்கள் லயத்துப் பீலிக்கு மேலே இருந்த காட்டை வெட்டி யூகலிப்டஸ் நட்டார்கள். அதன்பிறகு பங்குனியில் அம்மாவின் குடம் நிறைவதற்குள் நான் ஒரு முழுப் பாடத்தையே மனப்பாடம் செய்துவிடுவேன்.