பழைய அமெரிக்க மசில் காரில் (சக்திவாய்ந்த எஞ்சின் கொண்ட வேகமான காரில்) ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்றால் என்ன?

தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சின் இன்றும் இருந்தால் அது ‘மேட்சிங் நம்பர்ஸ்’ கார். 1970 செவ்ரோலே செவெலில், டேஷ்போர்டில் உள்ள வண்டி எண்ணின் (நம்பர் பிளேட் எண் அல்ல, தொழிற்சாலை தந்த அடையாள எண்) கடைசி இலக்கங்கள் எஞ்சின் பிளாக்கிலும் குத்தப்பட்டிருக்கும்.

இதை ஏன் பார்க்க வேண்டும்? 450 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்6 எஞ்சினை அந்த ஆண்டு செவெலில் கூடுதல் காசு கொடுத்துத்தான் வாங்க முடியும். வண்டி எண்ணோ வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) என்று மட்டும்தான் சொல்லும்; எந்த வி8 என்று சொல்லாது. அதனால் செவெலின் சாதாரண வகையான மாலிபுவில் பெரிய எஞ்சினை மாட்டி, வேக வகையான ‘எஸ்எஸ்’ என்று ஒட்டி விற்பது சுலபம். நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் கேட்பதுபோல இங்கே பில்ட் ஷீட் (வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலை அச்சிட்ட தாள்) கேளுங்கள். சில வண்டிகளில் அது பெட்ரோல் டேங்கின் மேலேயே, துருவேறிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எண் பொருந்தினாலே அசல் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் எஞ்சினில் உள்ள பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் புதிதாகக் குத்துபவர்களும் உண்டு.