பந்தா படிப்பா என்று கேட்ட விசுவமடு அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதமும் கைத்தொலைபேசியில் அனுப்பிய படமும் கிடைத்தன. மகன் இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவன். மாகாண மட்டப் போட்டிக்குப் போய் வந்த நாள் தொட்டுப் புத்தகத்தைத் தொடுவதில்லை. கொழும்பில் ஒரு கழகம் கூப்பிடுகிறது, பரீட்சை எழுதாமலே போகப்போகிறேன் என்று நிற்கிறான். அப்பா போகட்டும் என்கிறார். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குக் கட்ட வேண்டிய லீசிங் காசும் அவர் மனதில் இருக்கிறது. லண்டனில் இருக்கும் உங்கள் தம்பியோ ஜோர்ஜ் பெஸ்ட் என்ற உதைபந்தாட்டக்காரரின் கதையைச் சொல்லி, பந்தை நம்பினவன் குடித்துக் கடனாளியாகிச் செத்தான், பிள்ளையை மைதானத்துப் பக்கம் விடாதே என்று பயமுறுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு உங்களுக்கு நித்திரையில்லை.

என் எண்ணத்தை முதலே சொல்லிவிடுகிறேன். மகன் விளையாடட்டும். கொழும்புக்கு இப்போது வேண்டாம். பரீட்சையை எழுதியே ஆக வேண்டும். இதற்கான காரணம் உங்கள் தம்பி சொன்ன கதைக்குள்ளேயே இருக்கிறது. அவர் அதன் கடைசிப் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஜோர்ஜ் பெஸ்ட் 1946இல் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். தகப்பனுக்குக் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. பிள்ளை படிப்பிலும் கெட்டிக்காரன். எங்கள் புலமைப்பரிசில் பரீட்சை போல அங்கே பதினொரு வயதில் ஒரு தெரிவுப் பரீட்சை இருந்தது. அதில் சித்தியடைந்து பெயர்பெற்ற பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போனார். அங்கே ரக்பிதான் விளையாட்டு. பழைய கூட்டாளிமாரும் இல்லை. மனம் ஒட்டாமல், பள்ளிக்கு ஒளித்துத் திரிந்து, கடைசியில் வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறினார். பந்து விளையாடுகிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று எங்கள் ஊரில் சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். பெஸ்டுக்குத் தலை இருந்தது. படிப்பையும் பந்தையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள வழிதான் கிடைக்கவில்லை.

15 வயதில், 1961இல், இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் கூப்பிட்டது. போன வேகத்திலேயே வீட்டு நினைவு தாங்காமல் பெல்பாஸ்டுக்குத் திரும்பி வந்துவிட்டார். பிறகு பேசிச் சமாதானப்படுத்தித்தான் மறுபடி அனுப்பினார்கள். அந்தக் காலத்து விதிப்படி வட அயர்லாந்துப் பிள்ளைகளை முழுநேரப் பயிலுநராக எடுக்க முடியாது. ஆகவே மான்செஸ்டர் கப்பல் கால்வாய்க் கம்பனியில் எடுபிடி வேலை ஒன்று கொடுத்தார்கள். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பயிற்சி. இப்படி இரண்டு வருடம். 17 வயது நிரம்பிய பிறகுதான் தொழில்முறை ஒப்பந்தம்.

ஒரு வழிகாட்டியாக என் கண் நிற்பது இந்த இரண்டு வருடத்தில்தான், அம்மா. அது உங்கள் மகனின் வயது. வீட்டை விட்டுத் தூரம், பள்ளிக்கூடமும் இல்லை. செய்த வேலையில் கைக்கு ஒரு தொழிலும் வந்து சேரவில்லை. இரண்டு கால்களையும் தவிர மற்றதெல்லாம் அந்த வயதிலேயே அவருக்கு நின்றுவிட்டது. அந்தக் கால்களின் திறமை அவ்வளவு பெரியது என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. 22 வயதில் ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் கோல் அடித்தார். அதே 1968இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதும் கிடைத்தது. யுனைடெட்டுக்கு 470 ஆட்டங்கள், 179 கோல்கள். 1974இல் அந்தக் கழகத்தை விட்டு வெளியேறியபோது வயது 27.

இனி நாட்டு அணிக்கு வருவோம். உங்கள் மகன் அறைச் சுவரில் 'தேசிய அணி' என்று எழுதி வைத்திருக்கிறான் என்று சொன்னீர்கள். பெஸ்ட் வட அயர்லாந்துக்கு 37 ஆட்டங்கள் ஆடி 9 கோல்கள் அடித்தார். உலகக் கிண்ணப் போட்டியில் ஒருநாளும் ஆடவில்லை. இதற்குக் குடி மட்டும் காரணம் என்றால் அது சரியில்லை. அவருடைய நாடு உலகக் கிண்ணத்துக்கு 1958இல் போனது. அப்போது அவருக்கு 12 வயது. அடுத்த தடவை 1982இல். அப்போது 36 வயது, அணியில் எடுக்கவில்லை. இடையில் 1965இல் அல்பேனியாவுடன் நடந்த ஆட்டத்தை வென்றிருந்தால் வழி திறந்திருக்கும். 1–1 என்று சமநிலையில் முடிந்தது. அவர் அன்று முழு உடல்நலத்தோடு இருந்த 19 வயதுப் பிள்ளை. சின்ன நாட்டில் பிறந்த பெரிய ஆட்டக்காரனுக்கு நடப்பது இதுதான். மற்றப் பத்துப் பேரும், சங்கமும், காலமும் சரியாக வர வேண்டும்.

எங்கள் நாட்டைப் பாருங்கள். இலங்கை உலகக் கிண்ண இறுதிச் சுற்றுக்கு ஒருதடவையும் போனதில்லை. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான ஃபிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை தேசிய அணிக்குச் சர்வதேசப் போட்டியே கிடையாது. அந்த மாதங்களில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை என்ன பிழை செய்தான்? ஒன்றும் இல்லை. அதனால்தான் தேசிய அணியை ஆசையாக வைத்திருக்கலாம், வாழ்க்கையின் அளவுகோலாக வைக்கக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். அந்தச் சீருடை கிடைக்காவிட்டால் தான் தோற்றுப்போனவன் என்று மகன் நினைக்கத் தொடங்கினால், அப்போதுதான் உண்மையில் பயப்பட வேண்டும்.

காசு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், அப்பாவும் வாசிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1961 வரை உதைபந்தாட்டக்காரரின் சம்பளத்துக்கு உச்ச வரம்பு இருந்தது, வாரத்துக்கு 20 பவுண். அந்த வரம்பு எடுபட்ட வருடம்தான் பெஸ்ட் மான்செஸ்டருக்குப் போனார். பெருங்காசு கண்ட முதல் தலைமுறை அது. எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர முன்னால் ஆளில்லை. உடுப்புக் கடைகள், இரவு விடுதி, விளம்பரங்கள் என்று காசு வந்த வழியும் பல, போன வழியும் பல. கட்டாத வரி ஏறிக்கொண்டே போய், 1982இல் நீதிமன்றம் அவரை வங்குரோத்தானவர் என்று அறிவித்தது. அவருடைய நாடு உலகக் கிண்ணம் ஆடிய அதே வருடம். 1988இல் பெல்பாஸ்டில் அவருக்காக ஓர் உதவி ஆட்டம் நடத்திக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். குடியும் விடவில்லை. அவருடைய தாயும் குடிப்பழக்கத்தால் 1978இல் போய்ச் சேர்ந்தவர். 2002இல் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை, 2005 நவம்பரில் மரணம். வயது 59. அவர் ஊர் அவரை வெறுக்கவில்லை. பெல்பாஸ்டின் ஒரு விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தது. மகனுக்கு முன்னால் அவரைக் 'குடிகாரன்' என்று சொல்லாதீர்கள். அது நோய், தனியே விடப்பட்ட ஒருவருக்கு வந்த நோய். இழிவாகப் பேசினால் பிள்ளை அவர் பக்கம் நின்றுகொள்வான், நீங்கள் சொல்ல வந்தது காதில் விழாது.

குடி காரணமில்லாமலும் இப்படிக் காசு போவதுண்டு. லீ ஹென்ட்ரி என்ற ஆட்டக்காரர் 1998இல் இங்கிலாந்துக்காக ஒரேயொரு ஆட்டம் ஆடினார். அதோடு சரி. சம்பாதித்ததைக் காணி வீடுகளில் போட்டார், விலை சரிந்தது, 2012இல் அவரும் வங்குரோத்து. வீடு வாங்குவது கெட்ட பழக்கமா? இல்லையே. ஆனால் ஆட்டக்காரனின் வருமானம் 30 வயதைத் தாண்டிச் சில வருடங்களில் நின்றுவிடும்; கடன் அதற்குப் பிறகும் நடந்துகொண்டேயிருக்கும். வன்னியில் லீசிங் எடுத்த வீட்டுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நெல் விலை விழுந்த போகத்திலும் தவணை வரும்.

அதனால் அப்பாவிடம் ஒன்று கேட்கிறேன். 16 வயதுப் பிள்ளையின் காலை நம்பி லான்ட்மாஸ்டர் தவணையைக் கணக்குப் போடாதீர்கள். கொழும்பிலிருந்து மாதம் கொஞ்சம் அனுப்பத் தொடங்கினால், அவன் காயப்பட்டாலும் சொல்ல மாட்டான். வீட்டுக்குக் காசு நின்றுவிடுமே என்று முழங்கால் வீக்கத்தை மறைத்துக்கொண்டு ஆடுவான். காய்ந்த மைதானத்தில், ஆடி ஆவணி வெயிலில், சவ்வு ஒருமுறை கிழிந்தால் ஒரு வருடம் போய்விடும். தவணை இறுகுகிறதென்றால் அந்தக் கம்பனியோடு நீங்களே பேசிக் காலத்தை நீட்டப் பாருங்கள். அது பெரியவர்களின் வேலை.

சரி, கழகம் அனுப்பிய அந்தக் கடிதத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே பக்கம். மேலே கழகத்தின் பெயர் இருக்கிறது, பதிவு இலக்கம் இல்லை. 'தங்குமிடம், உணவு, மாதாந்தக் கொடுப்பனவு வழங்கப்படும்' என்று இருக்கிறது, எவ்வளவு என்று இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பான், காயப்பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, எந்தத் திகதியில் ஒப்பந்தம் முடியும், ஒன்றும் இல்லை. கீழே பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு போட்டு, இங்கேதான் வைக்க வேண்டும் என்று காட்டியிருக்கிறார்கள். கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதில் கையெழுத்து வைக்க வேண்டாம். நல்ல கழகமென்றால் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தரும், பரீட்சை முடியும் வரை காத்தும் இருக்கும். வேலை என்று எடுத்தால் ஊழியர் சேமலாப நிதிக்குப் பிள்ளையின் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கழகமே இன்னும் 3 வீதம் போட வேண்டும். அதைப் பற்றிக் கேட்டதும் தொலைபேசியை வைக்கிறவர்களை விட்டு விலகுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்ததாக வருவது அதுதான். மாலைதீவுக்கோ வேறு நாட்டுக்கோ விளையாடக் கூட்டிப் போகிறேன், முற்பணம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் படலையோடு அனுப்பிவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை நாடு விட்டு நாடு கழகம் மாற்றுவதை ஃபிஃபா விதி பொதுவாகத் தடுக்கிறது. மிகச் சில விதிவிலக்குகள்தான் உண்டு. காசு கேட்கிற முகவர் அந்த விதிவிலக்கில் வரமாட்டார்.

இனி மகனுக்கு. தம்பி, இந்தப் பகுதியை நீயே வாசி. உன் பயிற்றுநர் உன்னைப் பற்றி நல்லதாகச் சொல்கிறார் என்று அம்மா எழுதியிருக்கிறா. நீ பந்தை விட வேண்டாம். சாதாரண தரம் எழுதினால், பந்தோடு சேர்ந்து போகிற கதவுகள் திறந்திருக்கும். உடற்கல்வி ஆசிரியராகக் கல்வியியற் கல்லூரிக்குப் போக உயர்தரம் வேண்டும். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தராக வரவும் படிப்பு வேண்டும். சபரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் உடற்கல்வியும் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. தேசிய மட்டத்தில் மிளிர்ந்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட வழியும் உண்டு, அதற்கும் உயர்தரத்தில் சித்தி இருக்க வேண்டும். ஆகவே கோட்டம், வலயம், மாகாணம் என்று நீ வாங்கிய சான்றிதழ்களைக் கசங்காமல் வை. நடுவர் பரீட்சை, பயிற்றுநர் சான்றிதழ் இரண்டும் ஆடிக்கொண்டே எடுக்கக்கூடியவை. நடுவராக இருப்பவருக்கு ஆட்டம் வேறு விதமாகக் கண்ணில் படும், உன் ஆட்டமும் கூடும்.

உயர்தரம் வேண்டாம், கைத்தொழில்தான் பிடிக்கும் என்றால் அதிலும் குறைவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வாகனத் தொழில்நுட்பம், மின், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் என்று தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு படிக்கலாம். பரந்தனால் பஸ்ஸில் வந்து போகிற தூரம்தான், வீட்டில் படுத்து எழும்பலாம், பின்னேரம் மைதானத்துக்கும் போகலாம். என்னைக் கேட்டால் உனக்கு இதுதான் நல்ல பொருத்தம் என்பேன். 15 வயதில் மான்செஸ்டர் போன அந்தப் பிள்ளைக்கு இப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை.

முதல் சம்பளம் வரும் நாளில் கூட்டாளிமார் தவறணைக்குக் கூப்பிடுவார்கள். மோட்டார் சைக்கிள் லீசிங்காரரும் தேடி வருவார். அதற்கு முன்பே வங்கியில் கணக்குத் திறந்து, ஒரு பகுதி அம்மா பார்க்கக்கூடிய நிலையான வைப்புக்குப் போகும்படி செய். 18 வயதானதும் வரி இலக்கத்தையும் எடுத்து வை. 2025 ஏப்ரல் தொடக்கம் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை. அதற்கு மேல் உழைக்கிற காலம் வந்தால் கணக்கு ஒழுங்காக இருக்கட்டும்.

அம்மா, வீட்டில் இந்த மாதம் செய்ய வேண்டியது அதிகமில்லை. பின்னேரப் பயிற்சியை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் புத்தகத்தின் மேல் கோபம்தான் வரும். கணிதமும் தமிழும் கட்டாயம் சித்தியடைய வேண்டிய பாடங்கள், காலையில் அந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பயிற்றுநரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். 'படிக்காவிட்டால் அணியில் இல்லை' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அது நாங்கள் சொல்கிற நூறு வார்த்தைக்குச் சமம். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருப்பார், பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். இருவரையும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

கழகத்துக்கு இப்படி எழுதி அனுப்புங்கள்: 'மகன் பரீட்சை எழுதிய பிறகு பேசுவோம். அதற்கிடையில் கொடுப்பனவு, படிப்பு, வைத்தியச் செலவு, ஒப்பந்தக் காலம் ஆகியவற்றை எழுத்தில் தாருங்கள்.' அப்பாவும் கையெழுத்து வைக்கட்டும், ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால் எனக்கும் படம் எடுத்து அனுப்புங்கள். பரீட்சை மண்டபத்துக்கு அடையாள அட்டை வேண்டும். மகன் மாகாணப் போட்டிக்குப் போயிருந்த நாட்களில் வகுப்பில் விண்ணப்பப் படிவம் கொடுத்திருந்தால் தவறவிட்டிருக்கக்கூடும். நாளைக்கே அதிபரிடம் கேட்டு, இன்னும் போடவில்லையென்றால் அவர் ஊடாகவே விண்ணப்பியுங்கள்.