பாப் ஸ்மியரில் கீரிப்பூச்சி முட்டை: கர்ப்பப்பைக்கு ஆபத்தா?

பாப் ஸ்மியரில் (கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் புற்று இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) கீரிப்பூச்சி முட்டை வந்திருக்கிறது, புழு கர்ப்பப்பையை அரித்துப் புற்றுநோயாகிவிடுமா என்று யூடியூப் பார்த்துப் பயந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். புழு கர்ப்பப்பையை அரிக்காது, புற்றுநோயாகவும் மாறாது. நீங்கள் பார்த்த யூடியூப் வீடியோவை இத்தோடு மறந்துவிடுங்கள்.

உங்கள் பாப் ஸ்மியர் ரிப்போர்ட்டில் இருப்பது கீரிப்பூச்சி முட்டை. கீரிப்பூச்சி நூல் மாதிரி இருக்கும் சின்னப் புழு, அது குடியிருப்பது குடலில். பெண் புழு ராத்திரியில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். சில சமயம் வழிதவறிப் பிறப்புறுப்புக்குள் போய்விடும். தோலில் ஒட்டியிருந்த முட்டை சாம்பிளில் கலந்தும் இருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் ஒரு பக்கம் தட்டையாகத் தெரியும் முட்டை இது. லேப் டாக்டர் தேடியது புற்று செல்லை, கண்ணில் பட்டது இது. யூகேஜி படிக்கும் மகள் ராத்திரியெல்லாம் சொறிகிறாள் என்கிறீர்களே, புழு உங்களுக்கு வந்தது அநேகமாக அவளிடமிருந்துதான்.

ஐந்து நாள் தொடர்ந்து அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை போட்டீர்களாமே, யாரைக் கேட்டு? பெரியவர்களுக்கு 400 மி.கி. ஒரு வேளை போதும். மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். அதனால்தான் இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும், மகளுக்கான அளவை டாக்டர் சொல்லட்டும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் கேட்காமல் தொடாதீர்கள். வேப்பிலைத் தண்ணீரை உள்ளே விட்டுக் கழுவுவதையும் இன்றே நிறுத்துங்கள். நகம் வெட்டுங்கள், படுக்கை விரிப்பை வெந்நீரில் துவையுங்கள். புழு விஷயம் அவ்வளவுதான்.

கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். "இரண்டு மாதமாக உறவுக்குப் பிறகு லேசாக ரத்தம் படுகிறது, அதுவும் புழுவால்தானே?"

அதைப் புழுவின் தலையில் கட்டாதீர்கள். ஸ்மியரில் புற்று செல் இல்லையே என்ற சமாதானமும் இங்கே செல்லாது. அது தொந்தரவே இல்லாதவர்களைச் சலித்துப் பார்க்கும் பரிசோதனை. சிலரைத் தவறவும் விடும். ரத்தம் படுகிறவருக்கு ஸ்பெக்குலம் என்ற விரிப்பான் கருவியை வைத்துக் கருப்பை வாயை நேரில் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் கால்போஸ்கோப்பி (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது), சந்தேகமான இடத்திலிருந்து பயாப்ஸி (துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது). பெரும்பாலும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியோ புண்ணோ அழற்சியோதான் இருக்கும். ஆனால் கருப்பை வாய்ப் புற்றும் ஆரம்பத்தில் இப்படித்தான் தலைகாட்டும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம்.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு என்றால் முடிந்த கையோடு போங்கள். உள்ளே போனதும் புழுவில் ஆரம்பிக்காமல், "உறவுக்குப் பின் ரத்தம் படுகிறது" என்பதை முதலில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் பூச்சி மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடப் போகிறார்கள்.