அழுத பையனை மறுபடி கூட்டிப்போங்கள்

வணக்கம். அமெரிக்காவின் மிசௌரியில் வான்கோழி வேட்டைக்கு முதல்முறை வழிகாட்டியாகப் போனபோது, 11 வயதுப் பையன் அசைந்ததால் சேவல் வான்கோழி ஓடிவிட்டது, அவன் அழுதுவிட்டான், இனி கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். ஆசை இருப்பதால்தான் அழுதிருக்கிறான்.

மரத்தடியில் அசையாமல் உட்காருவது பெரியவர்களுக்கே கஷ்டம். வான்கோழிக்குக் கண் அவ்வளவு கூர்மை, நிறமும் தெரியும். அதனால் மறைவுக் கூடாரத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். துப்பாக்கியைத் தாங்கியில் முன்பே சாய்த்து வைத்துவிட்டால் கடைசி நொடியில் தூக்க வேண்டியதில்லை. பல சேவல்கள் மிரள்வது அந்த நொடியில்தான். 20 கேஜ் (குழல் அளவு) துப்பாக்கியே போதும், தோளில் உதைப்பது குறைவு. வேட்டைக்குப் போகும் அதே தோட்டாவால் முதலில் தாளில் சுட்டுப் பாருங்கள். 30 கெஜத்தைத் தாண்டினால் சுடுவதில்லை என்று அவனோடு பேசி வையுங்கள். சேவலை ஈர்க்க வைக்கும் பொம்மை வான்கோழியை 20 கெஜத்தில் நட்டால் தூரம் அவனுக்கே பிடிபடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சிவப்பு, வெள்ளை, நீலத் துணி வேண்டாம். சேவலின் தலை நிறங்கள் அவை. வேறு வேட்டைக்காரர் தவறாக நினைத்துவிட்டால் ஆபத்து.

அப்புறம், அவன் சலித்துப்போனால் 9 மணிக்கே வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். நான் கூட்டிப்போன சிறுமிக்கு முதல் வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டை போலக் குரல் எழுப்பும் மரப்பெட்டியை அவள் கையில் கொடுத்திருந்தேன். அவள் தேய்த்ததும் எங்கிருந்தோ ஒரு சேவல் பதில் கொடுத்தது. இன்றும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.