சோலார் பாண்டில் மேல் தண்ணீர் சுடாமல் அடித்தண்ணீர் மட்டும் சுடுவது எப்படி?

சோலார் பாண்ட் என்பது வெயிலின் சூட்டை அடியில் சேர்த்து வைக்கிற உப்புத் தண்ணீர்க் குளம். அதில் உப்பு வெப்பத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். காலேஜில் நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். குளத்தில் உப்பு போடுவது பாரத்துக்காக.

சாதாரணக் குளத்தில் அடியில் சூடான தண்ணீர் லேசாகி மேலே வரும், ஆவியாகி ஆறிவிடும். பகலில் வாங்கிய வெயிலை ராத்திரியே திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 30 டிகிரியில் சுமார் 996 கிராம், 80 டிகிரியில் 972 கிராம். வெறும் 24 கிராம் குறைந்ததற்கே மேலே ஓடி வருகிறது. 20 சதவீதம் உப்புள்ள தண்ணீரோ, 80 டிகிரியிலும் லிட்டருக்கு 1,100 கிராமைத் தாண்டும். எவ்வளவு சுட்டாலும் எழுந்து வராது.

அப்படியானால் கீழே உப்புத் தண்ணீர், மேலே நல்ல தண்ணீர் என்று இரண்டே அடுக்கு போதாதா? போதாது. கீழ்த் தண்ணீர் தனக்குள்ளேயே சுழன்று, சூட்டை நேராக மேல் அடுக்கின் காலடியில் கொண்டுபோய்க் கொட்டும். அதனால்தான் நடுவில் சுமார் ஒரு மீட்டருக்கு, இறங்க இறங்க உப்பு கூடிக்கொண்டே போகிற அடுக்கு. அங்கே எந்தத் துளியும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அசையாத தண்ணீர் நல்ல கம்பளி. கீழே 80, மேலே 30 டிகிரி என்றால், அந்த ஒரு மீட்டர் வழியாகக் கசிவது சதுர மீட்டருக்குச் சுமார் 30 வாட்தான். உச்சி வெயில் 1,000 வாட் அளவுக்குக் கொட்டுகிறது. அகச்சிவப்புக் கதிரை மேல் தண்ணீரே குடித்துவிட்டாலும், மீதி ஒளியில் பெரும்பகுதி அடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இயற்கையிலேயே இப்படி ஒன்று உண்டு. ருமேனியாவில் சோவாட்டா என்ற ஊரில் இருக்கும் மெட்வே ஏரி. அதன் மேல்பரப்புக்குக் கீழே இருந்த தண்ணீர் 70 டிகிரிவரை சுட்டதற்கு வெயில்தான் காரணம் என்று கலெச்சின்ஸ்கி என்ற ஹங்கேரிய விஞ்ஞானி 1902-ல் எழுதினார்.

ஃபைனல் இயரில் மொட்டை மாடியில் 200 லிட்டர் நீல டிரம்மில் நாங்கள் செய்து பார்த்தோம். முதல் தடவை ஹோஸ் பைப்பை நேராக விட்டோம், எல்லாம் கலந்து போச்சு. அடுத்த தடவை ஒரு தெர்மோகோல் துண்டை மிதக்கவிட்டு, உப்பைக் குறைத்துக்கொண்டே வந்த வாளித் தண்ணீரை மக்கில் எடுத்து அதன்மேல் மெதுவாக ஊற்றினோம். நாலாம் நாள் தோள்வரை கையை விட்டேன். முழங்கை வரைக்கும் சாதாரணத் தண்ணீர், மணிக்கட்டுக்குக் கீழே வெந்நீர், விரல் நுனியை வைக்க முடியவில்லை. மூன்றாவது வாரம் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிட்டது. ஒளி இறங்காததால் சூடும் போச்சு.

பெரிய குளத்திலும் இதே தலைவலிகள்தான். பாசி வரக்கூடாது, காற்றடித்து அலை கிளம்பிக் கலக்கக்கூடாது. போதாததற்கு உப்பு தானாகவே மெல்ல மெல்ல மேலே பரவும். அடியில் உப்புக் கரைசலையும் மேலே நல்ல தண்ணீரையும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

குஜராத்தில் பூஜ் பக்கம் 100-க்கு 60 மீட்டரில் ஒரு குளம் வெட்டி, 1990களில் அங்குள்ள பால் பண்ணைக்கு வெந்நீர் கொடுத்தார்கள். அடியில் இருந்து சூடான கரைசலை பம்ப் செய்து, வெப்பமாற்றி (சூட்டை மட்டும் வேறு தண்ணீருக்குக் கடத்தும் கருவி) வழியாக அனுப்பி, ஆறியதைத் திரும்ப அடியிலேயே விடுவது. ஒரு நாளைக்கு 80,000 லிட்டர், 70 டிகிரியில்! பூஜ் இருக்கிற கட்ச்சில் உப்புக்கும் வெயிலுக்கும் பஞ்சமில்லை, மேலே விட நல்ல தண்ணீருக்குத்தான் பஞ்சம்.

கரண்ட் எடுக்கலாமா என்றால், இஸ்ரேல்காரர்கள் சாக்கடல் ஓரம் 5 மெகாவாட்வரை செய்து பார்த்தார்கள். ஆனால் 80-க்கும் 30-க்கும் நடுவில் எந்த எஞ்சினாலும், கணக்குப்படியே, 14 சதவீதத்துக்கு மேல் கறக்க முடியாது. கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. என்னைக் கேட்டால், வெந்நீரை வெந்நீராகவே பயன்படுத்துகிற இடத்தில்தான் இந்தக் குளத்துக்கு வேலை.